மண்ணாங்கட்டி கையில் வண்டிச் சாவி

அப்பாவும் மகளும் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

ஒரே வீட்டில் தூங்கி எழுந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே தொழிற்சாலைக்குப் போய், ஒரே ஆம்புலன்ஸில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிற இரண்டு பேர் ஒன்பது நாள் பேசாமல் இருப்பதென்றால் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். ஸ்டானிஸ்லாஸுக்கும் அவர் மகள் எல்சிக்கும் அது நிறையவே இருந்தது. ராயபுரத்தில் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சண்டை என்னவோ சின்னதுதான். ஸ்டானிஸ்லாஸ் நாற்பத்தாறாம் வருஷம் லைசென்ஸ் எடுத்து, இந்த இருபத்தாறு வருஷமும் எண்ணூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் ஆம்புலன்ஸை ஓட்டி வருகிறவர். எல்சி அதே வண்டியில் பின்பக்கம், மருந்துப் பெட்டியோடு உட்காருகிறவள். கோயில் ஹாலில் நடந்த முதலுதவி வகுப்பில் தேறி, தொழிற்சாலை டிஸ்பென்சரியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளைக்கு முன்னால் அப்பா பட்டப்பகலில் வண்டியைக் கொண்டுபோய் ஒரு மணல் குவியல்மேல் ஏற்றிவிட்டு, "இது நேத்து இங்க இல்லியே" என்றார். அந்த மணல் அங்கே கொட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்சி நேரே தொழிற்சாலை டாக்டர் கருணாகரனிடம் போய், "அப்பாவுக்குக் கண்ணை டெஸ்ட் பண்ணணும் சார்" என்று சொல்லிவிட்டாள்.

வருகிற திங்கட்கிழமை கண் பரிசோதனை. அதில் தவறினால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

"பெத்த அப்பனையே போட்டுக் குடுத்துட்டா" என்பது ஸ்டானிஸ்லாஸின் கட்சி. "ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது?" என்பது எல்சியின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் இட்லித் தட்டோடு நின்று அல்லாடுகிறவள் டோரதி. ஒருவருக்கு மனைவி, மற்றவளுக்கு அம்மா.

"டோரதி, உம்பொண்ண கேளு. பஸ்ஸுக்கு டைம் ஆவுது, வர்றாளா இல்லியான்னு."

"அம்மா, உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு. ஒரு கால்ல அவரு செருப்பு, இன்னொரு கால்ல உன் செருப்புன்னு."

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அப்படிப் போட்டுக்கொள்வதுதான் இன்றைய உத்தேசம் என்பதுபோல் நாலு அடி நடந்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்து மாற்றிக்கொண்டார்.

"நான் இன்னா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட் ஆபீசா?" என்று டோரதி கத்தினாள். "வண்டியில எப்டி பேசிக்கிறீங்க? அங்க நான் கெடையாதே!"

அங்கே நோயாளிகள் இருந்தார்கள். போன வியாழக்கிழமை காலில் உலைக் குழம்பு தெறித்த ஒருவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ஸ்டானிஸ்லாஸ் முன்னாலிருந்து, "தம்பி, ஒனக்குக் கட்டுப் போட்ற அம்மாகிட்ட சொல்லு, பள்ளம் வருது, கெட்டியா புடிச்சிக்கினு குந்தச் சொல்லு" என்றார். அந்த ஆள் தன் வலியையும் பொறுத்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் இரண்டு பக்கமும் செய்தி சொல்லிக்கொண்டே வந்தான்.

இன்று ஒன்பதரை மணிக்கு வந்த கேஸ் அப்படிச் செய்தி சொல்லக்கூடிய வயது இல்லை.

தொழிற்சாலை வாசலில் ஒரு ரிக்ஷாக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். "உலையில வேல பாக்குற லோகநாதன் வூட்லேந்து வர்றேன். அவரு கொயந்தைக்கு இழுப்பு. கண்ணு சொருகிப் போச்சு. வண்டி அனுப்புங்க சாமி!"

டாக்டர் கருணாகரன் ஒரு தொழிலாளியின் கிழிந்த கையைத் தைத்துக்கொண்டிருந்தார். பாதியில் விட முடியாது. இன்னொரு டிரைவர் லீவு. அவர் ஊசியைப் பிடித்தபடியே எல்சியையும் ஸ்டானிஸ்லாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்சி, நீ போ. வாயில எதையும் ஊத்த விடாதே. ஒருக்களிச்சுப் படுக்க வை. நேரா ஸ்டான்லிக்குக் கொண்டு போயிடு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஸ்டானிஸ்லாஸ், மெதுவா ஓட்டுங்க" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் யாரும் ஸ்டானிஸ்லாஸிடம் மெதுவாக ஓட்டச் சொன்னதில்லை. ஆம்புலன்ஸ்காரனிடம் அப்படிச் சொல்வார்களா? அந்த ஒரு வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. உலையைவிட்டு உடனே வர முடியாத லோகநாதனுக்கு ஆள் மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வண்டி பறந்தது.

பின்னால் எல்சி மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் நசுங்கிய விரல், வெந்த முதுகு, மயங்கி விழுந்த ஆள் என்று எத்தனையோ பார்த்துவிட்டாள். எல்லாம் வளர்ந்த ஆண்பிள்ளைகள். குழந்தை இதுதான் முதல். வண்டியில் இருந்த சாமான்களுக்கும் குழந்தை என்றால் என்னவென்று தெரியாது. ஸ்ட்ரெச்சர் ஆறடி. அதன் வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு குழந்தையைச் சுற்றி மூன்று சுற்று வரும். ஆக்சிஜன் மூடி ஒரு பயில்வானுடைய மூக்குக்கு அளவெடுத்துச் செய்தது.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரே வரிசையாக எட்டு வீடுகள். நாலாவது வீட்டில் நிற்க இடமில்லாமல் பெண்கள். ஜன்னல் சாத்தி, சாம்பிராணி போட்டு, இந்தக் கத்திரி வெயிலில் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை, கம்பளிக் குல்லாய், அதற்குமேல் ஒரு போர்வை. பதினாலு மாதக் குழந்தை. கண் மேலே செருகியிருக்க, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

பக்கத்தில் தாய் தாயம்மா அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதை யார் கண்ணும் படக்கூடாதென்றுதான் மண்ணாங்கட்டி என்று பேர் வைத்து வளர்த்தாள். இவனும் போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

குழந்தையின் தலைமாட்டில் இருந்தவள் அடுத்த வீட்டு கெங்கம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள். அந்த எட்டு வீட்டுக்கும் போலீஸ், டாக்டர், ஜட்ஜ் எல்லாம் அவள்தான். ஒரு கையில் வெங்காயச் சாறும் இன்னொரு கையில் ஸ்பூனுமாக, குழந்தையின் பல்லைப் பிரிக்கப் போனாள்.

"ஊத்தாதீங்க பெரிம்மா!"

"இன்னாத்துக்கு ஊத்தக்கூடாது? எங்கம்மா காலத்துலேந்து ஊத்திகினுதான் கீறோம்!"

"இப்போ அவனுக்கு முழுங்கத் தெரியாது. ஊத்தினா வயித்துக்குப் போவாது, மூச்சுக்குள்ள போய் அடைச்சுக்கும்."

கெங்கம்மா கையை நிறுத்தினாள். எல்சி சொன்னது புரிந்தா, அல்லது எல்சி போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்காகவா என்பது தெரியாது. எப்படியோ, சாறு கீழே போயிற்று.

இந்த நேரம் பார்த்து ஸ்டானிஸ்லாஸ் உள்ளே வந்தார். வண்டிச் சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வருவது அவர் வழக்கம். கெங்கம்மாவின் கண் அதில் பட்டது.

"நைனா! இரும்பு! குடு, குடு!"

இழுப்பு வந்த குழந்தை கையில் இரும்பு வைக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். சின்ன வயதில் அவருக்கே இழுப்பு வந்து, அவர் கையில் அம்மா சாவிக்கொத்தை வைத்துத்தான் பிழைக்க வைத்தாளாம். ஆகவே யோசிக்கவே இல்லை. வளையத்தோடு கழற்றிக் கொடுத்துவிட்டார். கெங்கம்மா அதைக் குழந்தையின் உள்ளங்கையில் திணித்து, நழுவாமல் ஒரு துணிக் கிழிசலால் சுற்றி முடிச்சும் போட்டாள்.

எல்சி இதைக் கவனிக்கவில்லை. அவள் குழந்தையைப் பாயில் ஒருக்களித்துப் போட்டுக் கம்பளிகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னி கண்ட புள்ளைக்குத் துணியக் கயட்றா பாரும்மே!" என்று ஒருத்தி அலறினாள்.

"ஒடம்பு நெருப்பா கொதிக்குது. கொதிக்கிற சோத்துப் பானைய யாராவது போர்வை போட்டு மூடுவாங்களா? ஜன்னலைத் தெறங்க. ஒரு சொம்பு பச்சத் தண்ணி கொண்டாங்க."

ஈரத் துணியால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துடைத்தாள். வாயோரம் நுரையை வழித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. துணியை மறுபடி நனைத்துத் துடைத்தாள். நாலாவது நிமிஷம் இழுப்பு நின்றது. குழந்தை துவண்டு கிடந்தது.

"போய்ட்டானா?" என்றாள் தாயம்மா. அதுவரை வராத குரல் அப்போதுதான் வந்தது.

எல்சி அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். "பாரு, ஏறி எறங்குது. அசந்து தூங்குறான். இழுப்பு நின்னா அப்டித்தான் தூங்குவாங்க. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் கிடத்தினாள். தாயம்மா ஏறினாள். வண்டி கிளம்பவில்லை.

முன்பக்கம் ஸ்டானிஸ்லாஸ் சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தார். அப்புறம் முகம் மாறிற்று. மகளிடம் நேரே சொல்ல ரோஷம் விடவில்லை. கூட வந்து நின்ற கெங்கம்மாவைத்தான் பிடித்தார்.

"யம்மா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. வண்டிச் சாவி புள்ள கையில கீது."

எல்சி குழந்தையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒன்பது நாள் மௌனமே தேவலை.

அவள் முடிச்சில் கை வைத்ததும் கெங்கம்மா வண்டிக்குள் பாய்ந்தாள்.

"அவுக்காத! இழுப்ப நிறுத்தினதே அந்தச் சாவிதான். எடுத்தா மறுபடியும் இஸ்துக்கும்!"

"பெரிம்மா, அது இல்லாம வண்டி போவாது."

"வேற சாவி போட்டு ஓட்டச் சொல்லு!"

"வேற சாவி எண்ணூர்ல கீது."

"அப்போ தள்ளுவோம். பத்து ஆள இட்டுகினு வர்றேன்."

ஸ்டான்லி வரைக்கும் ஐந்து மைல். எல்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாதாடினால் நேரம் போகும், பிடுங்கினால் கலாட்டாவாகும். சட்டென்று இருக்கைக்கு அடியில் கைவிட்டு, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்து கெங்கம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதுல எம்மா இரும்பு கீது பாருங்க. சாவி அரைப் பலம்கூட தேறாது."

கெங்கம்மா ஸ்பேனரைத் தூக்கிப் பார்த்தாள். மீனைக் கையாலேயே எடைபோட்டு ஏலம் கேட்கிறவள். திருப்தியாயிற்று.

"இது இரும்பு! இத்த மொதல்லயே குடுக்கிறதுக்கு இன்னா?" என்றாள். முடிச்சை அவளே அவிழ்த்தாள். ஸ்பேனரைக் குழந்தை கையில் வைக்க விடவில்லை எல்சி. அதனால் அதை மடியில் வைத்துக்கொண்டு, "நானும் வர்றேன், இது புள்ளைய வுட்டுத் தூரம் போவக்கூடாது" என்று டிரைவர் பக்கத்தில் ஏறிக் குந்திவிட்டாள்.

வண்டி கிளம்பிற்று. ஆறடி ஸ்ட்ரெச்சரில் இரண்டரை அடிக் குழந்தை. இரண்டு பக்கமும் விரிப்பைச் சுருட்டி அணைகொடுத்து, எல்சி தரையில் மண்டியிட்டு அவனைத் தாங்கிக்கொண்டாள். தாயம்மா கால்மாட்டில் இருந்தாள்.

ஸ்டானிஸ்லாஸுக்கு உள்ளுக்குள் அவமானம் பொங்கியது. சாவியைக் கொடுத்துவிட்டுத் திருதிருவென்று நின்றோமே என்ற அவமானம். அதற்குமேல் டாக்டர் சொன்ன அந்த 'மெதுவா'. கிழக்குப் பார்த்த ரோடு, எதிரே வெயில். அவர் வேகத்தைக் கூட்டினார்.

"நைனா! கேட்டு!" என்று கெங்கம்மா அலறினாள். "யோவ்! கேட்டு மூடிக்கீதுய்யா!"

பிரேக்கை அவர் மிதித்த மிதியில் வண்டி கிறீச்சிட்டு, ரயில்வே கேட்டின் சிவப்புத் தட்டுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தத் தட்டு ஒரு சாப்பாட்டு இலை அகலம் இருக்கும்.

"வெயிலு... கண்ணுல அடிச்சுது" என்றார் ஸ்டானிஸ்லாஸ். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பின்னால் எல்சியின் தோள் மருந்துப் பெட்டியில் மோதியது. குழந்தையை மட்டும் விடவில்லை. ஆனால் அந்தக் குலுக்கலில் அவன் காலையில் குடித்த பால் அத்தனையும் மேலே வந்து தொண்டையை அடைத்தது. தூக்கக் கலக்கத்தில் இருமத் தெரியவில்லை. உதடு நீலம் பாரித்தது.

எல்சி அவனைக் கவிழ்த்து, தலை தாழ முன்கையில் போட்டு, முதுகில் தட்டினாள். பால் கட்டியாக வந்து விழுந்தது. விரலில் துணி சுற்றி வாயைத் துழாவி வழித்தாள். மூச்சு வரவில்லை. ஆக்சிஜன் மூடியை எடுத்து வைத்தாள். அது நெற்றியிலிருந்து மோவாய் வரை முகம் முழுவதையும் மூடியது. தூக்கி எறிந்தாள்.

வகுப்பில் மாஸ்டர் சொன்னது ஒரே வரி. பெரிய ஆளுக்கு நெஞ்சு நிறைய ஊது, குழந்தைக்குக் கன்னம் நிறைய ஊதினால் போதும். அதற்குமேல் ஊதினால் பிஞ்சு நுரையீரல் தாங்காது. அதைத் தலையணையில்தான் பழகியிருந்தாள். குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்தில் இருந்த காற்றை மட்டும் மெல்ல விட்டாள். சின்ன நெஞ்சு எழும்பி அடங்கியது. இன்னொன்று. இன்னொன்று.

கேட்டைத் தாண்டி ஒரு சரக்கு ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு முடிவே இல்லைபோல் இருந்தது.

முன்னால் ஸ்டானிஸ்லாஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பேச்சில்லை, அழுகையில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்திற்று.

"யம்மா, பின்னாடி புள்ள எப்டி கீதுன்னு கேளு."

"இன்னாத்துக்கு நானு? மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நீ பெத்த பொண்ணுதானே? வாய் கீது, நீயே கேளேன்!" என்று எரிந்து விழுந்த கெங்கம்மா, திரும்பிச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு வீட்டையும் அதட்டுகிற கெங்கம்மா சும்மா இருந்தாள் என்றால் விஷயம் சாதாரணம் இல்லை.

ஸ்டானிஸ்லாஸின் ரோஷம் போன இடம் தெரியவில்லை.

"எல்சி! புள்ள எப்டிமா கீது?"

பதில் இல்லை.

"எல்சி! எம்மேல கோவம் இருந்தா அப்பாலிக்கா திட்டு. இப்போ ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா!"

பதில் இல்லை. பாவம், அவள் எப்படிச் சொல்வாள்? வாய் குழந்தைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தவள், பேசத் துடித்தபோது பேச முடியாமல் இருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு மாதாவே, மாதாவே என்று முனகினார்.

ரயிலின் கடைசிப் பெட்டி போயிற்று. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு சிணுங்கல். அப்புறம் எண்ணூர் வரை கேட்கும்படி ஓர் அழுகை.

"அப்பா!" என்று எல்சி கத்தினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "கேக்குதா அப்பா? அழுவுறான்! நல்லா அழுவுறான்!"

"கேக்குதும்மா, கேக்குது!"

"அழுடா என் ராஜா! இன்னும் அழு!" என்றாள் தாயம்மா. பெற்ற குழந்தையை அழச் சொல்லி எந்தத் தாயும் இவ்வளவு சந்தோஷமாகக் கெஞ்சியிருக்க மாட்டாள்.

கேட் திறந்தது. அதற்குமேல் வண்டி நடந்துதான் போயிற்று என்று சொல்ல வேண்டும். பின்னாலிருந்து மூன்று சைக்கிள்கள் தாண்டிப் போயின. ஸ்டானிஸ்லாஸ் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்தபடி குரலைத் தாழ்த்திக் கெங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"தோ வர்றது இன்னாம்மா, பஸ்ஸா?"

"மாட்டு வண்டி நைனா."

"பக்கத்துல?"

"அது மாடு. வண்டில பூட்டாத மாடு. லெஃப்ட்ல ஒடி."

தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்தாரே தவிர, எல்சி ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். குழந்தையின் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் இளம்பெண். மளமளவென்று கேள்வி கேட்டாள். எல்சியும் மளமளவென்று சொன்னாள். நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். இழுப்பு நாலு நிமிஷம். வாயில் எதுவும் ஊற்றவில்லை. வழியில் பால் கக்கி மூச்சு நின்றது. ஒரு நிமிஷத்துக்குமேல் ஊத வேண்டியிருந்தது.

"இதுக்கு முன்னாடி குழந்தைக்கு ஊதியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். தலையணைக்குத்தான் ஊதியிருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "தலையணையும் பொழச்சிருக்கும். நல்லா செஞ்சிருக்கீங்க. காய்ச்சல் வேகத்துல வந்த இழுப்புதான். பாலு நெஞ்சுக்குள்ள எறங்கியிருக்கான்னு ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறோம். பயப்பட ஒண்ணுமில்லை." அப்புறம் புருவத்தைத் தூக்கினாள். "கட்டிலுக்கு அடியில அது என்ன, ஸ்பேனரா?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் டாக்டரம்மா, ஒன்னிய இன்னா பண்ணுது?" என்றாள் கெங்கம்மா. டாக்டர் ஒரு விநாடி யோசித்து, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

கொஞ்ச நேரத்தில் லோகநாதன் வந்து சேர்ந்தான். எண்ணூரிலிருந்து சைக்கிள். உலையிலிருந்து அப்படியே கிளம்பியதால் முகமெல்லாம் கரி, நடுவில் கண்ணீர் வழிந்த இரண்டு கோடு. "கண்ணு!" என்று குனிந்தான். மண்ணாங்கட்டி அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்துவிட்டு வார்டே அதிரும்படி வீறிட்டான். பக்கத்துக் கட்டில் தாய்மார்கள்கூட சிரித்தார்கள்.

தாயம்மா எல்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னென்னவோ சொல்ல வந்தாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "இவன் தங்கிட்டான் சிஸ்டரம்மா. இவன் தங்கிட்டான்."

எல்சிக்கும் அதற்குமேல் தாங்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அவசரப் பிரிவு வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் சீட்டில் ஆளைக் காணோம். பின்கதவு திறந்திருந்தது. ஸ்டானிஸ்லாஸ் உள்ளே ஸ்ட்ரெச்சர் ஓரத்தில், நோயாளிபோல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா, இங்க வந்து குந்திகினு கீற?"

"புள்ள?"

"நல்லா கீறான். ரெண்டு நாள்ல வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். எல்சி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் செய்தி சொல்ல யாரும் இல்லை.

"எல்சி, கேட்டாண்ட வெயிலு இல்லம்மா."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியல. அம்மாம் பெரிய சேப்புத் தட்டு, எனக்குத் தெரியல. அந்தம்மா கத்தலேன்னா தண்டவாளத்துல ஏத்தியிருப்பேன். நாலு பேரையும் நானே..." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "அந்தப் புள்ளைக்கு மூச்சு நின்னது என்னாலதானே?"

இல்லை என்று சொல்ல எல்சிக்கு ஆசையாக இருந்தது. பொய்தான், ஆனால் எவ்வளவு சுலபமான பொய்! இருபத்தாறு வருஷத்தில் அவர் எத்தனை பேரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"பிரேக் அடிச்ச வேகத்துலதாம்ப்பா பாலு மேல வந்துச்சு" என்றாள்.

அவர் தலையாட்டினார். மகள் பொய் சொல்லாததில் அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி இருந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு? இன்னியோட வுட்டுட்டேன். இனிமே தொடமாட்டேன். நீ டாக்டர்கிட்ட சொன்னதுதாம்மா நாயம். நான்தான் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு திரிஞ்சேன்."

எல்சி அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்பாவின்மேல் பாசத்தில் பாதி, இதை ஒன்பது நாளைக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்ற கோபத்தில் பாதி. அழுது முடிந்ததும் ஒரு விஷயம் உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அப்போ வண்டிய எண்ணூருக்கு யாரு எடுத்துகினு போறது?"

ஸ்டானிஸ்லாஸ் அவளைப் பார்த்தார். இதை அவர் யோசிக்கவே இல்லை. சத்தியம் பண்ணிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பின்னால் இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கம்பால் வண்டியைத் தட்டிக்கொண்டே வந்தார். "யோவ், வழிய அடைச்சிகினு எம்மா நேரம் நிப்பாட்டி வெச்சிகினு கீறீங்க? இந்த வண்டிக்கு டிரைவர் யாருய்யா?"

பழக்க தோஷத்தில் ஸ்டானிஸ்லாஸின் வாய் திறந்தது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"ஒங்களத்தான் கேக்குறேன்! டிரைவர் யாரு?"

அவர் வாயை மூடிக்கொண்டு, மகளின் கையை இறுகப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.